பவுடர் போட்ட அப்பாவும் ஃபேஸ்வாஷ் வாங்கிய மகனும்

ராயபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 22, பி.காம். முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு அலைகிறார். கன்னத்தில் பரு, தாடி ஒரு பக்கம் அடர்த்தியாகவும் ஒரு பக்கம் திட்டுத்திட்டாகவும் வளர்கிறது. ஃபேஸ்வாஷ் வாங்கி வைத்தால், துறைமுகத்தில் வேலை செய்கிற அப்பா "இன்னாடா பொம்பளையாட்டம்" என்கிறாராம். பக்கவாட்டு முடியை ஏற்றி வெட்டினால் மற்றவர்கள் "புள்ளிங்கோ" என்று, வடசென்னைப் பையன்களைக் கேலியாகச் சொல்கிற பெயரால் கூப்பிடுகிறார்களாம். இதில் எதைச் செய்வது, எதை விடுவது என்பது கேள்வி.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் 24 வருஷமாகச் சலூன் வைத்திருக்கிறேன், எனக்கு முன்னால் அப்பா. இந்தக் கேள்வியைத் தினமும் யாராவது ஒருத்தர் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். நேராகக் கேட்க மாட்டார்கள். "அண்ணே, முகம் கொஞ்சம் டல்லா இருக்குல்ல" என்று கண்ணாடியைப் பார்த்து ஆரம்பிப்பார்கள். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பா விஷயம். உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு நான் எத்தனையோ பேருக்கு முடி வெட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹார்பர் ஆட்கள் வந்து உட்கார்ந்தால், மீசையில் ஒரு முடி தூக்கிக்கொண்டு நின்றாலும் எழுந்திருக்க மாட்டார்கள். மூக்கை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பார்கள், காதோரத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். பின்கழுத்துக்குப் பவுடர், வியர்வை படாமல் காலருக்குள் மடித்துவைத்த கர்சீப், மேல் பாக்கெட்டில் சீப்பு. அவர்கள் படியிறங்கினால் குட்டிகூரா வாசனை தெருமுனை வரைக்கும் போகும். அதை அவர்கள் "டீசன்ட்டா இருக்கறது" என்று சொன்னார்கள். உங்கள் ஃபேஸ்வாஷும் அதே வேலைக்குத்தான், டப்பாதான் புதுசு. அப்பாவிடம் வாதாட வேண்டாம், ஒரு நாள் அவருடைய கல்யாண போட்டோவை எடுத்துவைத்துக்கொண்டு அந்த மீசையை யார் ஒதுக்கினது, அந்த பெல்பாட்டத்தை எந்த டெய்லர் தைத்தார் என்று கேளுங்கள், அவரே மணிக்கணக்கில் பேசுவார்.

அவர்களிடம் எனக்கு வருத்தமான விஷயம் வேறு ஒன்று. வெளியே தெரிகிற மீசைக்கு அவ்வளவு கவனம் கொடுத்தவர்கள், உடம்பில் ஒரு வலி, ஒரு புண் வந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததே, அப்போது மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்துக்கொண்டு கையாலேயே அதை அள்ளினார்கள். அந்த மாதம் என் கடைக்கு வந்த இரண்டு பேருக்கு முழங்கை வரைக்கும் தடிப்பு, சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டியிருந்தது. டாக்டரிடம் காட்டினீர்களா என்றால், "அதெல்லாம் உப்புத் தண்ணி பட்டா போயிடும்பா." ஆம்பளை என்றால் இதைத் தாங்க வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். உங்கள் தலைமுறை முகத்தைக் கவனிக்க ஆரம்பித்ததில் எனக்குச் சந்தோஷம் இருப்பதற்குக் காரணமே இதுதான், தோலைப் பார்க்கிறவன் உடம்பையும் பார்ப்பான்.

ஆனால் எல்லாக் கவனிப்பும் ஒன்றில்லை. என் கணக்கு இதுதான்: இருக்கிற தோலையும் முடியையும் நன்றாக வைத்துக்கொள்ள உதவுகிறதா, செய்யுங்கள். இந்தத் தோலே வேண்டாம், வேறு தோல் வேண்டும் என்று உங்களை நினைக்கவைக்கிறதா, எவ்வளவு விலை குறைவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் வந்தான். உங்கள் வயதுதான், அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் ஷேவிங்குக்கு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த டவலைக் கன்னத்தில் வைத்ததும் துள்ளி எழுந்துவிட்டான். எடுத்துப் பார்த்தால் இரண்டு கன்னமும் தக்காளி. லைட்டுப் பக்கம் திருப்பினேன். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோய், உள்ளே ரத்தக்குழாய் சிவப்பு நூல் நூலாகத் தெரிகிறது. தாடி வரவே வராத இடத்தில், கண்ணுக்குக் கீழே, பூனைமுடி அடர்த்தியாக முளைத்திருக்கிறது. என்னப்பா தடவுகிறாய் என்றேன். பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்தான். வெள்ளையாக என்ன தடவலாம் என்று மருந்துக்கடையில் கேட்டானாம், கொடுத்தார்களாம், எட்டு மாதமாக ராத்திரி ராத்திரி தடவுகிறான். முதல் பத்து நாள் பளபளவென்று இருந்ததாம். அப்புறம் விட்டால் எரிகிறது, எரிகிறதே என்று மறுபடி தடவுகிறான். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன் என்று போட்டிருந்தது.

பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன். இந்த மூன்று பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூன்றும் ஸ்டீராய்டு. கரப்பான், சொரியாசிஸ் மாதிரி நோய்களுக்கு, இத்தனை நாள்தான் என்று சொல்லி டாக்டர் எழுதிக்கொடுக்கிற மருந்து. தோலுக்கடியில் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் முதலில் வெளுத்த மாதிரி தெரியும், அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். மாதக்கணக்கில் போனால் தோல் மெலியும், பரு கொட்டும், வெயில் பட்டால் எரியும். இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. இருந்தும் கிடைக்கிறது, நாம் கேட்பதால் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே தடவிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போட்டாலும் முகம் கொந்தளித்துவிடும், படிப்படியாகத்தான் விட வேண்டும், அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, தோல் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும், காசில்லை. அந்தப் பையனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தோல் பழைய நிலைக்கு வர அவனுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது.

பெயரில்லாத டப்பாக்களில் வரும் வெளுக்கும் கிரீம்கள் இன்னும் மோசம், அவற்றில் பாதரசம் இருக்கலாம். 2023-ல் கேரளாவில் மலப்புரத்தில் இப்படிப்பட்ட கிரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்து, முகம் கால் எல்லாம் வீங்கிச் சிறுநீரில் புரதம் போனதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் தடவியது கிட்னிக்குப் போகிறது. ஆண்களுக்கென்று தனியாக ஃபேர்னஸ் கிரீம் வந்தது 2005-ல். அதற்கு முன்னால் அண்ணன்மார்கள் தங்கச்சியின் டியூபை ஒளித்துத் தடவினார்கள். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது, நம் வீடுகளில்தான் அந்தச் சொல் இன்னும் போகவில்லை. தம்பி, காசிமேட்டிலும் ஹார்பரிலும் வெயிலில் நின்றவர்களுடைய பிள்ளைகள் நாம். இந்த நிறம் வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிற நிறம். இதில் சரிசெய்ய எதுவும் இல்லை.

சரி, புள்ளிங்கோ விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கோபம் உண்டு. பக்கவாட்டில் ஜீரோவில் ஆரம்பித்து மேலே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக நீளம் ஏற்றுவதற்கு ஃபேட் என்று பெயர். அமெரிக்க ராணுவத்தில் ஆரம்பித்து, அங்கே கறுப்பின மக்களின் சலூன்களில் நுணுக்கமாக வளர்ந்த வெட்டு. ஒழுங்காகச் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும், கை நடுங்கினால் கோடு விழுந்துவிடும், என் கடையில் கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு அது பிடிபட ஒரு வருஷம் ஆகிறது. இதையே நகரத்தின் அந்தப் பக்கம் ஏ.சி. கடையில் ஐந்து மடங்கு காசு கொடுத்து வெட்டிக்கொண்டு ஆபீஸ் போனால் ஸ்டைல். வியாசர்பாடிப் பையன் வெட்டினால் புள்ளிங்கோ, சந்தேகப் பார்வை, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வைப்பு. வெட்டு ஒன்றுதான், தலைதான் வேறு.

இது இன்றைக்கு நேற்று வந்ததும் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கம் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. அந்த எட்டில் ஒன்று, கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. கிராப்பு! ஒரு மனிதன் தலைமுடியை எப்படி வைத்துக்கொள்வது என்பதை ஊர் தீர்மானித்த காலம் அது. நம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் முனையில் அம்பேத்கர் நீலக் கோட்டில், டையோடு நிற்கிறாரே, அந்தக் கோட்டுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. நன்றாக உடுத்துவது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கோட்டுதான் ஞாபகம் வரும்.

வெட்டுகிற பக்கமும் இதே கதைதான். என் அப்பா சின்ன வயதில் அடைப்பத்தை, அதாவது கத்தி கத்தரி வைக்கிற பையை, தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர், பின்வாசலில் நின்று கூப்பிட்டவர், வயதில் சின்னவர்களெல்லாம் அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள். 1979-ல் மாடிப்படிக்குக் கீழே எட்டடி இடம் பிடித்து, ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் போட்டபோது, அவரைக் கூப்பிட்டனுப்பியவர்கள் அவரைத் தேடி வந்து வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. அந்த மரநாற்காலியை இன்னும் வைத்திருக்கிறேன். அதனால் முடி, மீசை, சட்டை என்று நீங்கள் கேட்பதைச் சில்லறை விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. பருவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை சாதாரண ஃபேஸ்வாஷ் போதும், தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் கூடும். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் பருவை நன்றாக அடக்கும். மெல்லிசாக, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். தலையணை உறையிலும் சட்டைக் காலரிலும் பட்டால் சாயத்தை வெளுக்கும், வெள்ளை டவல் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், பத்து நாளில் மாறவில்லை என்று டியூப் மாற்றுகிறவர்கள்தான் கடைசியில் ஸ்டீராய்டில் போய் விழுகிறார்கள். தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்தால் நெற்றியில் பரு வரும், அதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பருத் தழும்பு கறுக்காமல் இருக்கக் காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பொட்டு மாதிரி வைத்துத் தேய்த்தால் வீண்.

தாடி பற்றிக் கவலையே வேண்டாம். பலருக்கு இருபதுகளின் கடைசி வரைக்கும் நிரம்பிக்கொண்டே இருக்கும். அடிக்கடி ஷேவ் செய்தால் அடர்த்தி கூடும் என்பது பொய், வெட்டின முனை மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். திட்டுத்திட்டாக இருக்கிறவரை 3 மில்லிமீட்டரில் ட்ரிம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், காலி இடம் கண்ணில் படாது. முழுசாக எடுப்பதென்றால் குளித்த பிறகு, முடி போகிற திசையில் மட்டும். எதிர்த்திசையில் இழுத்தால் நம்முடைய சுருட்டை முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கழுத்தில் கொப்பளம் கொப்பளமாக வரும். அப்புறம் படிகாரக் கல்லை நனைத்து ஒரு தடவு. அப்பா காலத்துக் கல்தான், ரத்தக்கசிவை நிறுத்தும், கிருமியையும் அடக்கும். அக்குளில் தடவினால் நாற்றமும் குறையும்.

எந்தக் கடைக்குப் போனாலும் பிளேடைக் கண்ணெதிரில் பிரித்து உடைக்கச் சொல்லுங்கள். காகிதத்தோடு நடுவில் மடக்கினால் டக்கென்று சத்தம் வரும், பாதி உங்களுக்கு. பழைய பிளேடு வழியாக ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற கடை உங்களுக்கு வேண்டாம்.

முடி கொட்டினால் எல்லாரும் போர் தண்ணியைத் திட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சோப்பு நுரைக்காது, ஆனால் நெற்றி ஏறுவதற்கும் உச்சி தெரிவதற்கும் காரணம் பரம்பரையும் ஹார்மோனும்தான். முடி வளரத் தடவுகிற மினாக்சிடில் என்பது முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்த மருந்து. தடவ ஆரம்பித்த புதிதில் இன்னும் கொட்டும், பலன் தெரிய நாலு மாதத்துக்கு மேல் ஆகும், நிறுத்தினால் வந்தது போய்விடும். ஆயுசுக்கும் தடவத் தயாரா என்று யோசித்து டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள். டெலிவரி வேலை செய்கிற தம்பிகளுக்குத் தனியாக ஒன்று: நாளெல்லாம் ஹெல்மெட்டில் வியர்த்த தலையில் பொடுகு கூடும், அதன்மேல் தேங்காய் எண்ணெய் வைத்தால் பொடுகுப் பூஞ்சைக்குத் தீனி. கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இரண்டு முறை, தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஹெல்மெட் உள்துணியையும் துவையுங்கள்.

உடை. வண்ணாரப்பேட்டைக்காரனுக்குத் துணி பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம், கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுத்தவர்களை வைத்துத்தான் ஊருக்கே பெயர். நம்முடைய கட்டம் போட்ட துணிக்கு அமெரிக்காவில் இன்றைக்கும் 'மெட்ராஸ்' என்றுதான் பெயர். நைஜீரியாவில் கலபாரி மக்கள் அதை இன்ஜிரி என்று சொல்லி, பிறப்பு, சாவு, சடங்கு எல்லாவற்றுக்கும் கட்டுகிறார்கள். அந்தக் கட்டத்தைக் கைலியாகக் கட்டினால் நம் ஆட்களுக்கு மட்டும் வெட்கம். எம்.சி. ரோட்டில் சட்டை எடுக்கும்போது தோளை மட்டும் பாருங்கள், தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். உடம்பு லூசாக இருந்தால் ஆல்டரேஷன் டெய்லர் பிடித்துக்கொடுப்பார், தோளை அவரால் சரிசெய்ய முடியாது. முடிந்தவரை காட்டன்.

டைட் ஜீன்ஸ் பற்றி ஒரு வார்த்தை, யாரும் வெளியே சொல்லாத விஷயம். நம் ஊர் வியர்வையில் தொடை இடுக்கில் படர்தாமரை வராத பையன் குறைவு. வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மருந்து கலந்த டியூபை வாங்கித் தடவுகிறார்கள். அதிலும் ஸ்டீராய்டு இருக்கும், அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். இப்போது சில பூஞ்சைகள் வழக்கமான மருந்துக்கே மசிவதில்லை. டவலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளாடையை வெயிலில் காயப்போடுங்கள், வீட்டில் கைலி கட்டுங்கள், போகவில்லை என்றால் அதே ஸ்டான்லி. அங்கே உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற பத்துப் பேரில் பாதிப் பேர் இதற்குத்தான் வந்திருப்பார்கள்.

ஜிம்முக்குப் போங்கள், நம் பக்கத்து ஜிம்களில் அக்கறையான மாஸ்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆணழகன் போட்டிக்கு என்று யாராவது ஊசி போடச் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் மூளை உள்ளே செய்யச் சொல்வதை நிறுத்திவிடும், விரை சுருங்கும், விந்தணு குறையும், முதுகெல்லாம் பரு வரும். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் குழந்தை இல்லாமல் அலைந்த ஒருவர் இதை என் நாற்காலியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சொன்னார்.

இன்டர்வியூவுக்கு மட்டும், வருத்தத்தோடு ஒன்று சொல்கிறேன். எதிரில் உட்காருகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது, அதனால் ஃபேடைக் காதுக்கு மேல் ஒரு விரல் அளவில் நிறுத்துங்கள், மேல் முடி சீப்பில் படிகிற நீளம் இருக்கட்டும், கலர் வேண்டாம். வேலை உறுதியானதும் உங்கள் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். கலர் என்றால் எப்போதுமே முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். கறுப்பு டையில் இருக்கிற பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு முகத்தையே வீங்க வைத்துவிடும்.

முந்தின நாள் வெட்டாதீர்கள், புதிதாக வெட்டின கோடு பளிச்சென்று தெரியும். மூன்று நாள் முன்னால் வெட்டினால் படிந்துவிடும். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ என்றால் திங்கட்கிழமையே வந்துவிடுங்கள், செவ்வாய் பெரும்பாலும் எங்களுக்கு லீவு. முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பக்கத்து நாற்காலியில் அவருக்கு மீசை ஒதுக்கிவிடுகிறேன்.